கொட்டேஷனா, ஒத்தையாளா? கொலை வழக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடத்துக்கு மேல் கட்டு தூக்கியவன் நான். மாவட்டத்தில் எங்காவது ஒரு கொலை நடந்தால் அன்றைக்கே கேள்வி தொடங்கிவிடும். டீக்கடையில், மார்த்தாண்டம் பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் ஒரே கேள்விதான்: ஆள் வைத்துச் செய்ததா, அவனே செய்ததா? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். இப்போது கோர்ட்டில் நடக்கும் எந்த வழக்கிலும் யார் குற்றவாளி என்று நான் சொல்லப்போவதில்லை.

கொட்டேஷன், கூலிப்படைன்னு சொல்றதெல்லாம் சட்டத்துல என்ன பேரு?

கொட்டேஷன் என்பது காசு கொடுத்து ஆள் வைத்துக் கொல்வதற்கு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம் வாய்க்கு வந்த சொல். கூலிப்படை பத்திரிகைச் சொல். கொலைக்கான பிரிவில் இரண்டும் கிடையாது. கூலிக்கு வெட்டினாலும் கோபத்தில் வெட்டினாலும் கொலை கொலைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலைக்கு இன்றும் பழைய எண்தான்.

ஆள் ஏவியதாகப் போலீஸ் சொன்னால் கூடவே வேறு பிரிவுகள் வரும். கூடிப் பேசித் திட்டம் போட்டதற்குக் குற்றச் சதி (பழைய 120பி, இப்போது 61), தூண்டியதற்கு உடந்தை (பழைய 109, இப்போது 49), சேர்ந்து ஒரே எண்ணத்தோடு செய்ததற்குப் பொது எண்ணம் (பழைய 34, இப்போது 3(5)). வழக்குக் கட்டு கையில் கிடைத்தால் முதல் பக்கத்தில் இந்த எண்களைத் தேடுங்கள். 61-உம் 49-உம் இல்லாமல் வெறும் 103 மட்டும் இருந்தால், போலீஸ் இதுவரை பின்னால் யாரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒத்தையாள் இல்லேன்னா கொட்டேஷன், கொட்டேஷன் இல்லேன்னா ஒத்தையாள். அப்படித்தானே?

இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அண்ணன் தம்பி சேர்ந்து செய்வது, கூட்டாளிகள் காசு வாங்காமல் நட்புக்காகச் செய்வது, ஒருவன் செய்ய இன்னொருவன் பிறகு தடயத்தை மறைப்பது, ஒரு கொள்கைக்காகச் செய்வது. இவற்றில் எதுவும் கூலிக்கொலை இல்லை. சிலவற்றில் சதி உண்டு, சிலவற்றில் இல்லை.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவலில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கொல்லப்பட்டது நினைவிருக்கும். வந்தவர்கள் இரண்டு பேர். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போய், இன்னும் சிலர் பெயரும் சேர்ந்து, சதி வழக்காகவே பதிவானது. அதில் யாரும் கூலிக்குக் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. ‘சதி இருக்கிறது, கூலி இல்லை’ என்பதற்கு நம் ஊர் உதாரணம் அது.

நாலு பேர் பைக்குல வந்து, மூஞ்சிய மறைச்சு, வெட்டுகத்தியால வெட்டிட்டுப் போனா அது கூலிப்படைதானே? இதுல என்ன சந்தேகம்?

முகத்தை மறைத்தது அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக. அதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரன்தான் முதலில் செய்வான். வெளியூர்க் கூலிக்காரனுக்கு அந்த அவசியம் குறைவு. வெட்டுகத்தி ரப்பர் தோட்டம் உள்ள எந்த வீட்டிலும் இருக்கும். ஆகவே ஆயுதமும் ஒன்றும் சொல்லாது.

நாலு பேர் என்பது பொது எண்ணத்தைக் காட்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆனால் சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவும் வரும். ஆனால் எண்ணிக்கை கூலியைக் காட்டாது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டம் பண்ணும்போது டாக்டருக்குத் தெரிஞ்சிராதா, இது தொழில்காரன் வெட்டுன்னு?

தெரியாது. எத்தனை காயம், எவ்வளவு ஆழம், எந்தவிதமான ஆயுதம், எது உயிரைப் பறித்தது, ஏறக்குறைய எப்போது என்பது வரைக்கும் டாக்டர் சொல்வார். வெட்டியவனுக்கு யார் காசு கொடுத்தார் என்பது காயத்தில் எழுதியிருக்காது. முப்பது வெட்டு என்றால் ஆத்திரம், ஒரே வெட்டு என்றால் தொழில் என்று ஊரில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

பிடிச்ச பையன் “அஞ்சு லட்சம் வாங்கிட்டு செய்தேன்”னு போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டான்னு பேப்பர்ல வந்தாச்சு. இன்னும் என்ன நிரூபிக்கணும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பதில்: எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக்கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, புதியதில் 23. பேப்பரில் வருவது அந்தச் செல்லாத தாள்தான். மாஜிஸ்டிரேட் முன்னால், ‘நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்’ என்று எச்சரித்த பிறகு கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

ஒரு சின்ன வாசல் உண்டு. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகச் சேர்ந்த பகுதி மட்டும் செல்லும். களியக்காவிளை வழக்கில் துப்பாக்கி எறணாகுளத்தில் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஓடையிலிருந்து எடுக்கப்பட்டது செய்தியானது அதனால்தான். அந்தப் பகுதி எவ்வளவு என்பதைச் சுதந்திரத்துக்கு முன்பே பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) புலுக்குரி கொட்டையா வழக்கில் வரையறுத்துவிட்டது. ‘ஈட்டியை இன்ன இடத்தில் ஒளித்தேன், காட்டுகிறேன்’ என்பது செல்லும், ‘அந்த ஈட்டியால் குத்தினேன்’ என்பது செல்லாது. இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். ‘பணத்தை வைக்கோல் போருக்குள் வைத்தேன்’ செல்லும். ‘அது இன்னார் கொலைக்காகக் கொடுத்த பணம்’ செல்லாது. கூலிக்கொலை வழக்குகள் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன.

சரி, ஒருவன் மாஜிஸ்டிரேட்டிடமே சொல்லிவிட்டான் என்று வையுங்கள். அது அவனை மட்டும் பிடிக்கும். அவன் கைகாட்டிய ஆளைப் பிடிக்க வேறு சான்று வேண்டும். கூட்டுக் குற்றவாளியின் வாக்குமூலம் மற்ற சான்றுக்கு ஒரு முட்டுக்கொடுப்பு, அதுவே தூண் ஆகாது. 1952-இல் காஷ்மீரா சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

கொட்டேஷன் பணத்துக்கு எவன் ரசீது போடுவான்? அப்போ எப்பவுமே நிரூபிக்க முடியாதே?

ரசீது வேண்டாம். சொல்லப்போனால் பணமே வேண்டாம். சதிக்குத் தேவையானது ஒப்பந்தம், அதாவது ‘செய்வோம்’ என்று இரண்டு பேராவது மனதொத்துப் பேசியது. அதை நேரில் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். அதனால் சுற்றுச் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம்.

நடைமுறையில் பணத் தடம் எப்படிக் கிடைக்கும் என்றால், கொலைக்கு முந்தின வாரம் நகையை அடகு வைத்தது, திடீரென்று சீட்டை ஏலம் கேட்டு எடுத்தது, கடன்காரனான பையன் மறுநாளே பைக் தவணை முழுவதையும் அடைத்தது, இந்த மாதிரி. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சாதாரண விஷயம். எல்லாம் ஒரே சங்கிலியில் கோக்க வேண்டும், நடுவில் ஒரு கண்ணி விடுபடக்கூடாது, வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது. 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு வகுத்த ஐந்து விதிகளின் சாரம் இது. சூழ்நிலைச் சான்று வழக்கில் வக்கீல்கள் வாயில் முதலில் வரும் பெயரும் இதுவே.

செல்போனைப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சிருமே? ரெண்டு பேரும் அம்பது தடவை பேசியிருக்காங்க.

பேசினார்கள் என்று தெரியும். என்ன பேசினார்கள் என்று அழைப்புப் பட்டியல் சொல்லாது. அவர்கள் ஏற்கெனவே சொந்தக்காரர்களோ, ஒன்றாகத் தொழில் செய்பவர்களோ என்றால் ஐம்பது அழைப்பும் சாதாரணம். எதற்குமே தொடர்பில்லாத இரண்டு பேர், கொலைக்கு முந்தின வாரம் பேசத் தொடங்கி, மறுநாளோடு நிறுத்தினால் அப்போது அது கனமான சான்று.

டவர் விஷயம் இன்னும் கவனம். டவர் ஒரு வட்டாரத்தைக் காட்டும், வீட்டு வாசலைக் காட்டாது. களியக்காவிளை, பளுகல் பக்கத்தில் நம் மண்ணில் நின்றுகொண்டே கேரள டவரில் போன் ஏறுவது எல்லோருக்கும் அனுபவம். அதை வைத்து ‘நான் கேரளாவில் இருந்தேன்’ என்றும் வாதாடலாம், ‘நீ கேரளாவுக்குத் தப்பினாய்’ என்றும் வாதாடலாம். அப்புறம், இந்தப் பட்டியலுக்கு முறையான சான்றிதழ் வேண்டும் (சாட்சியச் சட்டத்தில் பழைய 65பி, புதிய 63). அது இல்லாமல் கட்டுக்கட்டாகத் தாள் கொடுத்தாலும் கோர்ட் பார்க்காது. கம்பெனிகள் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. பிந்தினால் அழிந்துவிடலாம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. காசு கொடுத்தவனுக்கு தண்டனை கம்மியாக்கும்?

கம்மி இல்லை. அதே தண்டனை. தூண்டியவனுக்கும் சதி செய்தவனுக்கும் நடந்த குற்றத்துக்குரிய தண்டனையையே கொடுக்கலாம். கொலை என்றால் ஆயுள் அல்லது மரணம்.

ஒரு வித்தியாசம் உண்டு, அது நிரூபிப்பதில். வெட்டியவனுக்குச் சொந்தப் பகை தேவையில்லை, கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் போதும். ஏவியவன் விஷயத்தில் பகைதான் கதையின் அச்சாணி. சொத்தா, உறவா, அரசியலா, பழைய வெட்டுக்குப் பழியா? அதைக் காட்ட முடியாவிட்டால், ‘முன்பின் தெரியாத இவனை அவன் ஏன் வெட்டினான்’ என்ற கேள்வி விசாரணை முழுக்கத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சம்பவத்தன்னிக்கு அவன் சவூதில இருந்தான், பாஸ்போர்ட்ல சீல் இருக்கு. அவனை எப்படிச் சேர்க்க முடியும்?

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வெட்டியவன் என்ற குற்றச்சாட்டுக்கு அந்த சீல் முழுக் கவசம். சதிக்கு அது கவசமே இல்லை. ஆள் வைத்துச் செய்பவன் அந்த நேரத்தில் தூரத்தில் இருக்கத்தான் பார்ப்பான்.

காந்தி கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த மதன்லால் பஹ்வா அங்கேயே பிடிபட்டார். ஜனவரி 30 அன்று கோட்சே சுட்டபோது மதன்லால் போலீஸ் காவலில் இருந்தார். சதியில் பங்கு உண்டு என்று அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. காவலில் இருந்தவருக்கே அப்படி என்றால் ரியாத்தில் இருந்தவர் எம்மாத்திரம்?

செய்தவனே “நான் ஒத்தையில செய்தேன், யாரும் பின்னால இல்ல”ன்னு சொல்லிட்டா? அதோட முடிஞ்சிருமா?

முடியாது. மேலே சொன்ன வழக்கிலேயே கோட்சே, சதி எதுவும் இல்லை, எல்லாம் தன் ஒருவனுடைய செயல் என்றுதான் வாதாடினார். டெல்லி செங்கோட்டையில் நடந்த விசாரணையில் நீதிபதி ஆத்மா சரண் 1949 பிப்ரவரி 10 அன்று அதை ஏற்கவில்லை. பத்து நாள் முன்பே நடந்த குண்டுவெடிப்பு, அப்ரூவர் (மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளி) திகம்பர் பாட்கே சாட்சி எல்லாம் எதிராக இருந்தன. அதே தீர்ப்பில் சாவர்க்கர் விடுதலையானார், பிறகு மேல்முறையீட்டில் இன்னும் இரண்டு பேர் விடுதலையானார்கள். ஒரே வழக்கு, ‘ஒத்தையாள்’ என்பதையும் ஏற்கவில்லை, ‘எல்லோரும்’ என்பதையும் ஏற்கவில்லை. கன்னியாகுமரியில் காந்தி அஸ்தி வைத்த மண்டபத்துக்கு வருகிறவர்கள் கூட இந்த வழக்கை அரசியலாகத்தான் பேசுகிறார்கள். சதிச் சட்டம் படிக்க அதைவிட நல்ல வழக்கு இல்லை.

இந்தக் காலத்தில் வேறொன்று உண்டு. தொலைவில் ஏதோ ஒரு ஊர் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் இரண்டு பையன்கள் சரணடைவார்கள், ‘நாங்கள்தான்’ என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், விசாரணையை அங்கேயே நிறுத்தப் போட்ட ஆளாகவும் இருக்கலாம். சரணடைவது சான்று இல்லை. ரத்தக்கறை, கைரேகை, கேமரா பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆள் மாறி வெட்டிட்டான். காசு கொடுத்தது வேற ஆளுக்கு. அப்போ?

கொலைதான். ஒருவரைக் கொல்ல நினைத்து வேறொருவரைக் கொன்றாலும் அதே குற்றம் (பழைய 301, புதிய 102).

காசை வாங்கிட்டு அவன் ஒண்ணும் செய்யல. கொடுத்தவன் தப்பிச்சானா?

இல்லை. மரண தண்டனைக்குரிய குற்றத்தைத் தூண்டி, அது நடக்காமல் போனாலும் ஏழு வருடம் வரை சிறை. காயம் ஏற்பட்டால் பதினாலு வருடம் வரை (புதிய 55). காசை இழந்த கதையை போலீஸில் புகார் கொடுக்க முடியாது என்பது கூடுதல் தண்டனை.

நம்ம பக்கம் நடந்து, ஆள் திருவனந்தபுரத்துல இறந்தா கேஸ் யாருக்கு?

இரண்டு பக்கமும் நடத்தலாம். செயல் நடந்த இடமும் விளைவு நேர்ந்த இடமும் இரண்டுமே செல்லும் (பழைய நடைமுறைச் சட்டம் 179, புதிய 199). 2022 அக்டோபரில் நடந்த பாறசாலை கஷாய வழக்கு இப்படிப்பட்டதுதான். விஷம் கலந்த கஷாயம் கொடுத்த வீடு நம் மாவட்ட எல்லைக்குள். பதினொரு நாள் கழித்து இளைஞர் இறந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில். கேரள போலீஸ் விசாரித்து, நெய்யாற்றின்கரை கோர்ட் 2025 ஜனவரியில் தண்டித்தது.

தலைப்புக் கேள்விக்கும் அது பாடம். கஷாயம் கொடுத்த பெண்ணுக்குக் கொலைக் குற்றத்தில் மரண தண்டனை. அவர் மாமாவுக்குத் தடயத்தை அழித்ததற்கு மூன்று வருடம். அம்மா விடுதலை. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று முடிவு. ‘குடும்பமே சேர்ந்து’ என்று ஊர் ஒரே வாக்கியத்தில் முடித்ததைக் கோர்ட் மூன்றாகப் பிரித்துப் பார்த்தது.

அப்ரூவர் ஒருத்தன் மாறிட்டா கேஸ் ஜெயிச்ச மாதிரிதானே?

நாகர்கோவில்காரர் இதைக் கேட்கக்கூடாது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிறைக்குப் போனதே அப்படித்தான்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தனைக் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்று பத்திரிகை நடத்தி நடிகர்களின் சொந்த வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தவர். பகை யாருக்கு என்று தேட வேண்டியதே இல்லை, சினிமா உலகம் முழுக்கப் பகை. டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும். வழக்கு இன்றைய பேச்சில் சொன்னால் கொட்டேஷன்தான்: நட்சத்திரங்கள் ஏவினார்கள், வேறு ஆட்கள் குத்தினார்கள். ஏவியதற்கு முக்கியச் சாட்சி ஒரு அப்ரூவர். 1945-இல் ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றது, நாயுடு விடுதலை, மற்ற இருவருக்கும் ஆயுள். உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, மறு விசாரணையில் அப்ரூவர் பேச்சு நம்பத்தக்கதல்ல என்று கண்டு 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள். அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. பாகவதரின் சினிமா வாழ்க்கை அதன்பின் எழவில்லை.

பகை இருந்தது உண்மை. கொலை நடந்தது உண்மை. இரண்டையும் இணைக்கும் பாலமாக ஒரே ஒரு ஆள், தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசிய ஆள். அதனால்தான் அப்ரூவர் சொல்வதற்கு முக்கியமான இடங்களில் தனிச்சான்று வேண்டும் என்று கோர்ட் கேட்கிறது. இன்றும் ஊரில் சிலர் ‘அவர்தான் ஆள் வைத்தார்’ என்பார்கள், சிலர் அடிக்கவே வருவார்கள். தீர்ப்பு இதுதான்: ஏவியது நிரூபிக்கப்படவில்லை.

வெட்டினவங்க எல்லாம் விடுதலை. ஏவினவன் மேல மட்டும் கேஸ் நிக்குமா?

சிக்கலான இடம். தன்னோடு தானே சதி செய்ய முடியாது. பெயர் சொல்லப்பட்ட மற்ற எல்லோரும் விடுதலையாகி, ‘அடையாளம் தெரியாதவர்களும் இருந்தார்கள்’ என்ற குற்றச்சாட்டும் இல்லாவிட்டால் ஒருவரை மட்டும் சதிக்குத் தண்டிக்க முடியாது. மற்றவன் தலைமறைவு, இறந்துவிட்டான் என்றால் கதை வேறு. குற்றப்பத்திரிகையில் ‘மற்றும் சிலர்’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு சொல்லில் வழக்கே நிற்கலாம்.

புதுச் சட்டத்துல கூலிக்கொலைக்குன்னே தனிப் பிரிவு வந்திருக்காமே?

வந்திருக்கிறது, 111. அமைப்புசார் குற்றம் என்ற தலைப்பில் கூலிக்கொலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உயிர் போனால் மரணம் அல்லது ஆயுள், கூடவே பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஆனால் முந்தின பத்து வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை கோர்ட் ஏற்றிருக்க வேண்டும், கும்பலின் தொடர் செயலாக இருக்க வேண்டும். முதல் தடவை காசு வாங்கிய இரண்டு பையன்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு 103, 61, 49தான். குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள் என்பதும் இதற்குச் சான்றில்லை. அது ஒரு வருடம் வரையான தடுப்புக் காவல், தீர்ப்பு இல்லை.

ஒத்தையாள்னு சொல்லிக் குற்றப்பத்திரிகை போட்டாச்சு. எங்க வீட்டுல யாருக்கும் நம்பிக்கை இல்ல. இனி என்ன செய்ய?

மூன்று வழி. ஒன்று, மேல்விசாரணை: குற்றப்பத்திரிகைக்குப் பிறகும் போலீஸ் விசாரிக்கலாம், கோர்ட்டில் விசாரணை தொடங்கிவிட்டால் கோர்ட் அனுமதி வேண்டும் (புதிய நடைமுறைச் சட்டம் 193(9)). இரண்டு, சாட்சி சொல்லும்போது வேறொருவர் பங்கு வெளிவந்தால் அவரையும் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) சேர்க்க அரசு வக்கீல் மூலம் மனு (புதிய 358, பழைய 319). மூன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சிபிசிஐடிக்கு மாற்றக் கேட்பது. மூன்றாவதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ‘சந்தேகமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் தள்ளுபடியாகும்.

ஆகவே சந்தேகத்தை அல்ல, விடுபட்டதை எழுதுங்கள். எந்தக் கேமராப் பதிவை எடுக்கவில்லை, எந்த எண்ணின் அழைப்புப் பட்டியலைக் கேட்கவில்லை, எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்தப் பத்திரப் பதிவு கொலைக்கு முந்தின மாதம் நடந்தது. கைதிக்குத் தொண்ணூறு நாளில் குற்றப்பத்திரிகை இல்லாவிட்டால் ஜாமீன் உரிமை வந்துவிடும் என்பதால் போலீஸ் கையில் இருப்பதை வைத்து முடிப்பது உண்டு. அந்தத் தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நீங்களே போய்க் கேளுங்கள். மனுவை இன்ஸ்பெக்டரிடம் ஒன்று, எஸ்.பி. அலுவலகத்தில் ஒன்று கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிவிட்டு வக்கீலிடம் போங்கள். மதுரையில் நீதிபதி முதலில் கேட்பது அந்த ஒப்புகைச் சீட்டைத்தான்.